நிலக்கரி நாட்டுப் பாணர்

மும்பையில் பிள்ளையார் சதுர்த்தி ஊர்வலங்களைக் கண்டிருக்கும் நேயர்களுக்குப் 'பாஞ்சோ' என்னும் பெயர் புதியதன்று. தந்திகளின் மேல் தட்டச்சுப் பொறியில் உள்ளவை போன்ற கட்டைகளை அமைத்து, ஒரு கையால் அவற்றை அழுத்தி மறு கையால் மீட்டும் கருவியை அங்குள்ளோர் பாஞ்சோ என்றே வழங்குகின்றனர். அதன் முறையான பெயர் புல்புல் தரங். அது ஜப்பானிய இசைக்கருவி ஒன்றின் வழிவந்தது. நாம் இங்கே பேசப்போவது அதைப் பற்றியன்று. பெயரளவில் மட்டும் அதனோடு உறவு கொண்ட அமெரிக்கப் பாஞ்சோவைப் பற்றியும், அதனை வாசித்த ஒரு சுரங்கத் தொழிலாளியைப் பற்றியுமே சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

கஞ்சிராவைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கு நீண்ட கழுத்தொன்றைப் பொருத்தி, தோலின் மீது குதிரை நிறுத்தி ஐந்து தந்திகளைக் கட்டினால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அதுதான் பாஞ்சோ. ஐந்தாவது தந்தி குட்டையானது. அது கழுத்தின் நடுவிலிருந்தே தொடங்கும். கட்டைவிரலால் தட்டப்பட்டு, பாட்டு எங்கே போனாலும் தான் மட்டும் ஒரே சுரத்தில் நின்று ஒலித்துக்கொண்டிருக்கும். தம்பூராவின் சுருதியில் பழகிய செவிகளுக்கு அந்த ஒலி அயலாகத் தோன்றாது.

இக்கருவியை அமெரிக்க மலைநாட்டு வெள்ளையரின் சொத்தென்று உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. உண்மை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்து, கோல் செருகி, தந்தி கட்டி வாசிக்கும் கருவிகள் பல உண்டு. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள் அக்கருவியை நினைவில் சுமந்து சென்று, மேற்கிந்தியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் மறுபடி செய்துகொண்டனர். 1840களில் வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப் பரிகசித்து ஆடிய மேடைக்கூத்துகளில் பாஞ்சோ புகுந்தது. அங்கிருந்து அது நாடெங்கும் பரவிற்று. யாரை இழிவு செய்தார்களோ அவர்களுடைய கருவியையே எடுத்துக்கொண்டு இழிவு செய்தார்கள் என்பது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று.

இனி நம் பாணரைக் காண்போம். விர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் நார்ட்டன் என்றோர் ஊர் இருக்கிறது. 1890களின் தொடக்கத்தில் அங்கே இருப்புப்பாதை வந்தது. பின்னாலேயே நிலக்கரிச் சுரங்கங்களும் வந்தன. 1898 பிப்ரவரி 7ஆம் நாள், பத்துக் குழந்தைகளில் கடைசியாக அவ்வூரில் பிறந்தவர் மொரான் லீ பாக்ஸ். ஊர் மருத்துவரின் பெயரை அவருக்கு இட்டிருந்தமையால் 'டாக்', அதாவது 'டாக்டர்', என்ற செல்லப் பெயர் ஒட்டிக்கொண்டது. டாக் பாக்ஸ் என்றே வரலாறு அவரை அறியும். பன்னிரண்டாம் வயதில் அவர் சுரங்க வேலைக்குச் சென்றார்.

இருப்புப்பாதை நிலக்கரியை வெளியே கொண்டுபோனதோடு, மனிதர்களை உள்ளே கொண்டுவரவும் செய்தது. தெற்கிலிருந்து கறுப்பினத் தொழிலாளர் வந்தனர். அவர்களோடு கித்தாரும் புதிய பாட்டுகளும் வந்தன. நார்ட்டனுக்கும் டார்செஸ்டர் என்னும் சுரங்கக் குடியிருப்புக்கும் இடையே தண்டவாளத்தின் வழியே கித்தாருடன் நடந்து செல்லும் கறுப்பினப் பாடகர் ஒருவர் இருந்தார். 'கோ லைட்னிங்' என்பது ஊரார் அவருக்கு வழங்கிய பெயர். சிறுவன் பாக்ஸ், அவர் எங்கேனும் நின்று ஒரு பாட்டு வாசிக்கமாட்டாரா என்ற ஆவலில், அவர் பின்னாலேயே நடந்து போவானாம். பிறிதொரு நாள் டார்செஸ்டரில் கறுப்பினத்தார் வாசித்த ஒரு நடனக் கச்சேரியை வெளியில் நின்று கேட்டார். மலைநாட்டில் பெரும்பாலோர் பாஞ்சோவை நகத்தால் கீழ்நோக்கித் தட்டி வாசிப்பது வழக்கம். அங்கிருந்த கலைஞரோ விரல்களால் தந்தியைத் தனித்தனியே பறித்து, பாட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வாசித்தால் இப்படித்தான் வாசிப்பது என்று அன்றே பாக்ஸ் உறுதி செய்துகொண்டார். பாடும் குரலும் பறிக்கும் விரலும் ஒரே கோட்டில் இழைந்து செல்லும் அவருடைய தனி வழி அப்படிப் பிறந்தது.

அக்காலத்தில் அம்மலைப் பாட்டுகளை இரு வேறு செவிகள் தேடிக்கொண்டிருந்தன. முதலாவது, அறிஞரின் செவி. செசில் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர், மாட் கார்ப்பிலிஸ் என்னும் தம் உதவியாளருடன் 1916 முதல் 1918 வரை அம்மலைகளில் அலைந்து, 1,500க்கு மேற்பட்ட மெட்டுகளைக் குறித்துக்கொண்டார். தம் தாய்நாட்டில் மறைந்துவரும் பழம்பாட்டுகள் கடல் கடந்து பிழைத்திருப்பதைக் கண்டு அவர் மகிழ்ந்தார். அவருடைய உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் அவர் தேடியது இங்கிலாந்தை. சுரங்கமுகப்பில் கறுப்பினக் கித்தாரும் மலைப் பாஞ்சோவும் சந்தித்துக்கொண்ட புதிய இசை அவருடைய தேட்டத்தில் இல்லை.

இரண்டாவது, வணிகரின் செவி. 1923இல் அட்லாண்டா நகரில் கிழப் பிடில்காரர் ஜான் கார்சன் என்பவரை ஓகே கம்பெனி ஒலிப்பதிவு செய்தது. தட்டு விற்காது என்றே கருதினர். எதிர்பாராதபடி அது நன்றாக விற்றது. உடனே மலைநாட்டுப் பாடகரைத் தேடிக் கம்பெனிகள் விரைந்தன. ஆனால் அவர்கள் தம் விற்பனைப் பட்டியலை நிறத்தால் இரண்டாகப் பிரித்தனர். கறுப்பினத்தார் பாடியவை ஒரு வரிசையிலும், மலைநாட்டு வெள்ளையர் பாடியவை வேறொரு வரிசையிலும் வெளிவந்தன. கேட்பவர்கள் அந்தக் கோட்டை மதித்தார்களா என்றால், இல்லை. காசு கொடுத்தால் எந்தத் தட்டும் கடையில் கிடைத்தது.

1927ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரன்ஸ்விக் கம்பெனியார் நார்ட்டனில் ஒரு ஓட்டலில் பாடகர்களைத் தேர்ந்தெடுக்க வந்தனர். பாக்ஸுக்கு அப்போது வயது 29. அங்கு வாசித்துக் காட்ட அவர் இரவல் பாஞ்சோ ஒன்றைக் கொண்டு சென்றார். தேர்வு பெற்று, நியூயார்க் சென்று, எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்தார். நான்கு தட்டுகள் வெளிவந்தன.

அந்த எட்டில் ஒன்று 'பிரெட்டி பாலி'. காதலன் காதலியைக் காட்டுக்கு அழைத்துச் சென்று கொலை செய்யும் பழைய ஆங்கிலக் கதைப்பாட்டு இது. இதன் வடிவங்களை ஷார்ப்பும் தொகுத்திருக்கிறார். அறிஞர் கேட்டால் தலையசைக்கக்கூடிய பாட்டு. மற்றொன்று 'டவுன் சவுத் புளூஸ்'. இது எந்தப் பாட்டியிடமும் கேட்டுக் கற்றதன்று. நகர மேடைகளில் பியானோ ஒலிக்கப் பாடிய கறுப்பினப் பெண் பாடகியரின் கிராமபோன் தட்டிலிருந்து அவர் கற்றது. பியானோவுக்கென அமைந்த இசையைப் பாஞ்சோவின் ஐந்து தந்திகளுக்குள் அடக்கி, மலைநாட்டுக் குரலில் அவர் பாடிய பாங்கைக் கேட்பவர், அது தட்டிலிருந்து வந்ததென்று ஒருபோதும் சொல்லமாட்டார். 'கண்ட்ரி புளூஸ்' என்னும் மூன்றாவது பாட்டோ, ஹோமர் கிராஃபோர்டு என்ற ஊர் ஊராகத் திரியும் கலைஞரிடம் அவர் நேரில் கற்றது. ஆங்கிலக் கதைப்பாட்டு, நகரத்துத் தட்டு, நாடோடியின் வாய்மொழி ஆகிய மூன்றையும் அவர் வேறுபடுத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லாம் தம் பாட்டு என்றே பாடினார். இவருள் எது நாட்டுப்பாட்டு, எது வணிகம் என்று பிரிக்கப் புகுவோர் பாலில் கலந்த நீரைப் பிரிக்க முயல்வோரே ஆவர்.

தட்டுகள் வெளிவந்ததும் பாக்ஸ் துணிந்தார். சுரங்கத்தை விட்டுவிட்டு, ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு பாட்டாலேயே வாழ முயன்றார். 1928இல் கிப்சன் நிறுவனத்தின் உயர்தரப் பாஞ்சோ ஒன்றையும் வாங்கினார். 1929இல் விர்ஜீனியாவின் ரிச்லாண்ட்ஸ் ஊரைச் சேர்ந்த மையர் என்னும் வணிகர், 'லோன்சம் ஏஸ்' என்ற பெயரில் தாமே ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, தாம் எழுதிய பாட்டுகளைப் பாக்ஸிடம் கொடுத்துப் பாடச் சொன்னார். அந்நாளில் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்னும் பாடகர், குரலை அடித்தொண்டைக்கும் உச்சிக்குமாக மாற்றி மாற்றி உருட்டும் 'யோடல்' என்ற உத்தியால் நாட்டையே மயக்கியிருந்தார். மையருக்கு அது பிடிக்காது. எனவே 'யோடல் இல்லாதது' என்னும் பொருள்படும் வாசகத்தைத் தம் தட்டின் முகப்பிலேயே அச்சிட்டார்! மக்கள் எதை விரும்பி வாங்குகிறார்களோ அது இதில் இல்லை என்று விளம்பரம் செய்த வணிகர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். சிகாகோவில் நான்கு பாட்டுகள் பதிவாயின. அவை கடைக்கு வருவதற்கும் அமெரிக்கப் பொருளாதாரம் நிலைகுலைவதற்கும் சரியாக இருந்தது. மையர் நொடித்துப்போனார். அமெரிக்காவில் 1927இல் 10 கோடி அளவில் விற்ற இசைத்தட்டுகள், 1932இல் சுமார் 60 லட்சமாகச் சுருங்கின.

1930களின் தொடக்கத்தில் மேலும் இரு வாய்ப்புகள் எட்டிப் பார்த்தன. அட்லாண்டாவுக்குச் சென்ற பாக்ஸ், வானொலியின் ஒலிவாங்கியின் முன் நின்றதும் அச்சத்தால் தடுமாறினார். இன்னொரு கம்பெனி லூயிவில் நகருக்கு அழைத்தபோது, வழிச்செலவுக்குப் பணம் திரட்ட முடியவில்லை.

வீட்டிலும் அவருக்கு அமைதி இல்லை. 1918இல் அவர் மணந்த சாரா, சமயப்பற்று மிக்கவர். நடனமும் மதுவும் கைகலப்பும் சூழ்ந்த இடங்களில் கணவர் பாடுவதை அவர் விரும்பவில்லை. இந்தப் பெண்மணியைக் கலையின் எதிரி என்று சித்திரிப்பது எளிது. மலைநாட்டு நடன இரவுகளில் குடியும் கத்திக்குத்தும் துப்பாக்கியும் எத்துணை அருகில் நின்றன என்பதை அறிந்தவர் அவ்வாறு சொல்லத் தயங்குவர். பாக்ஸும் குடிப்பழக்கத்துக்கும் சண்டைக்கும் அந்நியர் அல்லர். கடைசியில் அவர் பாஞ்சோவை நண்பர் ஒருவரிடம் கடனுக்கு ஈடாக விட்டுவிட்டுச் சுரங்கத்துக்கே திரும்பினார். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் அதைத் தொடவில்லை. பாட்டை விட்டாரே தவிர தொழிற்சங்கத்தை விடவில்லை; அதில் உறுதியான பற்றுடையவராக விளங்கினார். 1954இல் சுரங்க வேலையும் முடிவுற்றது.

இதற்கிடையில் அவர் அறியாமலே ஒரு செயல் நடந்திருந்தது. 1952இல் ஹாரி ஸ்மித் என்னும் விசித்திரமான சேகரிப்பாளர், தம்மிடம் குவிந்திருந்த பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்து, ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியே ஒரு பெருந்தொகுப்பாக வெளியிட்டார். பாடியவர் வெள்ளையரா, கறுப்பினத்தவரா என்ற குறிப்பை அவர் எங்கும் தரவில்லை. கம்பெனிகள் இட்ட நிறக்கோடு அதில் அழிந்துபோயிற்று. பாக்ஸின் பாட்டுகள் இரண்டு அதில் இடம்பெற்றன: 'ஷுகர் பேபி', 'கண்ட்ரி புளூஸ்'. நகரத்துக் கல்லூரி இளைஞர் அவற்றைக் கேட்டு, மண்ணிலிருந்து முளைத்த தூய நாட்டுப்பாட்டு இதுவே என்று வியந்தனர். அவர்கள் போற்றிய 'ஷுகர் பேபி' 1927இல் வெளிவந்த தட்டின் ஒரு பக்கம். அதே தட்டின் மறுபக்கத்தில் இருந்தது, நகரத்துப் பாடகியரின் தட்டிலிருந்து கற்ற அந்த 'டவுன் சவுத் புளூஸ்'.

1963ஆம் ஆண்டு மைக் சீகர் என்னும் இளங்கலைஞர், பாக்ஸ் உயிரோடிருக்கிறாரா என்று தேடி நார்ட்டனுக்கு வந்தார். இவர் புகழ்பெற்ற பாடகர் பீட் சீகரின் தம்பி. நற்பேறு என்றே சொல்லவேண்டும், பாக்ஸ் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தம் பழைய பாஞ்சோவை நண்பரிடமிருந்து மீட்டிருந்தார். விரல்கள் மறக்கவில்லை. சில வாரங்களுக்குள் ஆஷ்வில் விழாவிலும், பின்னர் நியூபோர்ட் விழாவிலும் பெருங்கூட்டத்தின் முன் பாடினார். புதிய நெடுந்தட்டுகளும் வெளிவந்தன.

புதிய புரவலர்கள் அவரை மதித்தார்கள், அன்போடு நடத்தினார்கள். ஆயினும் அவர்களுக்கு வேண்டியிருந்தவர், சந்தையின் மாசு படியாத ஒரு மலைக்கிழவர். அவரோ சந்தையில் வெல்ல முயன்று, கைம்முதல் இல்லாமையால் தோற்றவர். முதலில் வந்த வணிகர், அவருடைய பாட்டு விற்குமா என்று மட்டுமே பார்த்தார். பின்னர் வந்த அன்பர், அது ஒருநாள் விற்பனைக்கு வந்ததென்பதை மறக்க விரும்பினார். 'நாட்டுப்பாட்டு' என்னும் பட்டம் அவருக்குச் சோறிட்டது உண்மை; அவருடைய வாழ்வில் ஒரு பாதியை அது மறைத்ததும் உண்மை. மைக் சீகர் இவ்வகையில் ஏனையோரினும் மேலானவர் என்று கருதுகிறேன். பாட்டை மட்டும் பதிவு செய்துகொண்டு போகாமல், பாக்ஸைப் பல மணி நேரம் பேசவைத்து ஒலிநாடாவில் பிடித்துவைத்தார். தண்டவாளத்தில் நடந்த அந்தக் கித்தார்க்காரரைப் பற்றியும், மையரின் பாட்டுகளைப் பற்றியும், சுரங்க வாழ்வைப் பற்றியும் நாம் இன்று அறிவது அந்தப் பேச்சுகளால்தான்.

சமயத்தார் சிலருடைய மனத்தாங்கல் இறுதிவரை தீரவில்லை. பாக்ஸின் மனத்திலும் அந்த உறுத்தல் இருந்தது. 'மரணமே' என்று விளித்துப் பாடும் சமயப்பாட்டொன்றையும், சூதாடிகளின் பாட்டையும் அவர் ஒரே பாஞ்சோவில் மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்தார். 1971 பிப்ரவரி 7ஆம் நாள், தம் 73ஆவது பிறந்தநாளன்று, அவர் காலமானார். 1927இலும் 1929இலும் அவர் பதிவு செய்த பாட்டுகள் யாவும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு 1997இல் குறுந்தட்டாக வெளிவந்தன.