5/2 நிலை: குவாண்டம் ஹால் இயற்பியலில் கோட்பாட்டு மாதிரிகளின் வரலாறு

முன்னுரை

வலிய காந்தப்புலத்தில், மிகு குளிரில் வைக்கப்பட்ட எலக்ட்ரான் படலத்தின் ஹால் மின்தடை படிப்படியாக மாறுவதை 1980இல் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் கண்டறிந்தார். சுமார் 25,812.8 ஓம் என்னும் அளவை முழு எண்களால் வகுக்க அப்படிகளின் மதிப்பு கிடைத்தது. 1982இல் சுயி, ஸ்டார்மர், கோசார்டு ஆகியோர் 1/3 என்னும் பின்னத்திலும் ஒரு படியைக் கண்டனர். பின்ன நிலைகளுக்கான மாதிரிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதை 5/2 என்னும் பின்னத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

லாஃப்லினின் அலைச்சார்பு

1983இல் ராபர்ட் லாஃப்லின் 1/3 நிலைக்கு ஓர் அலைச்சார்பை முன்வைத்தார். அது அடிப்படைச் சமன்பாட்டிலிருந்து தருவிக்கப்பட்டதன்று. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் இயல்பை உள்வாங்கிய ஊகம். எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குடைய துகள்போலிகளை அது முன்னறிவித்தது. இரு எலக்ட்ரான்கள் இடம் மாறினால் அலைச்சார்பின் குறி மாற வேண்டும் என்பதால், அவ்வடிவம் ஒற்றைப்படைப் பகுதியுடைய பின்னங்களையே அனுமதித்தது.

வரம்பைக் கடந்த பின்னம்

1987இல் வில்லெட் குழுவினர் 5/2 நிலையைக் கண்டனர். பகுதி இரட்டைப்படை என்பதால் புதிய மாதிரி தேவைப்பட்டது. எதிரெதிர்த் தற்சுழற்சியுடைய எலக்ட்ரான்கள் இணைவதாக 1988இல் ஹால்டேனும் ரெசாயியும் கருதினர். ஒரே தற்சுழற்சியுடையவை இணைவதாக 1991இல் மூரும் ரீடும் முன்மொழிந்தனர். 1998இல் மோர்ஃப் செய்த எண்முறைக் கணக்கீடு பின்னதன் பக்கம் சாய்ந்தது. மூர்–ரீட் மாதிரியின் துகள்போலிகளை எவ்வரிசையில் இடம் மாற்றுகிறோமோ அதற்கேற்ப இறுதிநிலை வேறுபடும். இத்தகைய துகள்களால் பிழை தாங்கும் குவாண்டம் கணிப்பு இயலும் என்று 1997இல் கிட்டயேவ் காட்டியபின், 5/2 நிலையின் உண்மை இயல்பு தனிக் கவனம் பெற்றது.

மூன்று மாதிரிகள், ஒரே மின்தடை

எலக்ட்ரான்களுக்கு மாற்றாகத் துளைகளைக் கொண்டு அமைக்கப்படும் மூர்–ரீட் நிலையின் எதிருரு, அதனின்று வேறான தனி நிலை என்று 2007இல் இரு குழுவினர் தனித்தனியே நிறுவினர். இவ்விரண்டிற்கும் இடையே சமச்சீருடைய மூன்றாம் நிலைக்கு 2015இல் சோனின் கோட்பாடு வழிவகுத்தது. மூன்றின் ஹால் மின்தடையும் ஒன்றே; வெப்ப ஹால் கடத்துமை மட்டும் குவாண்டம் அலகில் முறையே 7/2, 3/2, 5/2 என வேறுபடும். 2018இல் வைஸ்மன் நிறுவனத்தினர் வெளியிட்ட அளவீடு 5/2ஐ ஒட்டி அமைந்தது. எண்முறைக் கணக்கீடுகளோ முதலிரு நிலைகளையே ஆதரித்துவந்தன. மாசுகளின் விளைவு, விளிம்புகளில் வெப்பச் சமநிலை முழுமையுறாமை ஆகியன இம்முரணுக்கு விளக்கங்களாக முன்வைக்கப்பட்டன.

முடிவுரை

லாஃப்லினின் வெற்றி, பொருத்தமான ஓர் அலைச்சார்பு ஒரு பின்னத்தை விளக்கிவிடும் என்ற நம்பிக்கையை வளர்த்தது. ஒரே பின்னத்திற்குள் பல இடத்தியல் ஒழுங்குகள் பொருந்தும் என்பதை 5/2 உணர்த்தியது. ஆகவே, மின்தடையின் பின்னம் பொருந்துவதைக் கொண்டே ஒரு மாதிரி மெய்ப்பிக்கப்பட்டதாக எழுதுவது வரலாற்றுப் பிழையாகும். எனினும், மூன்று மாதிரிகளிலும் இடமாற்ற வரிசை பொருட்படுவதால், கிட்டயேவ் சுட்டிய பயன்பாட்டிற்கான அடிப்படை இம்முரணால் தகர்ந்துவிடவில்லை.