பட்டணத்தை மிஞ்சிய உழவர்கரை

1761 ஜனவரியில் சரணடைந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பாரிஸ் உடன்படிக்கைப்படி 1765-ல் அந்த இடிபாடுகளைத் திரும்பப் பெற வந்தவர் ழான் லா தெ லொரிஸ்தோன். பிரான்ஸின் கஜானாவையே ஆட்டங்காணச் செய்த ஜான் லாவுக்குத் தம்பி மகன். வடக்கே ஆங்கிலேயரோடு போரிட்டுச் சிறைப்பட்டு மீண்டவர். 1777 வரை இங்கே ஆளுநர். 1768-ல் புதுச்சேரியிலேயே பிறந்த இவர் மகன் ழாக் பின்னாளில் நெப்போலியனின் தளபதியானார். 1812-ல் மாஸ்கோவிலிருந்து ரஷ்யத் தளபதி குத்துசோவிடம் சமாதானம் பேசப் போனவர் இந்தப் புதுச்சேரிப் பிள்ளைதான்!

அந்த ஆளுநரின் பெயர்தான் லாசுப்பேட்டையில் நிலைத்திருக்கிறது. பட்டணத்துக்கு வடமேற்கே செம்மண் மேடு. அந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்து 1880-ல் உழவர்கரை கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவு அமைந்தது. வயலும் தோப்புமாகக் கிடந்த பூமி. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதி, கருவடிக்குப்பத்தில் கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்புக்குப் போய்ப் பொழுது கழிப்பார். ‘குயில் பாட்டு’ பிறந்த இடம் என்று ஊரார் பெருமையோடு காட்டுவது அந்தத் தோப்பைத்தான். குயில் தோப்பு என்றே அதற்குப் பெயர்.

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி விலகியதும் நிலைமை மாறியது. புதிய அரசுக்குக் கல்லூரி வேண்டும், மருத்துவமனை வேண்டும், ஊழியர்களுக்கு வீடு வேண்டும். பழைய பட்டணத்துக்கோ கிழக்கே கடல், அதைச் சுற்றிவரும் ‘புல்வார்’ அகலச் சாலைகளுக்குள் இடமில்லை. வெள்ளம் தேங்காத மேட்டு நிலம்தான் கைகொடுத்தது. 1961-ல் லாசுப்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரி வந்தது. 1823-ல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வாரிசான ஜிப்மர், 1964-ல் அந்தப் பெயரைப் பெற்று, கோரிமேட்டில் வளர்ந்தது. விமான நிலையமும் லாசுப்பேட்டையில்தான். அரசுக் குடியிருப்புகளைத் தொடர்ந்து அசோக் நகர், குறிஞ்சி நகர், அவ்வை நகர் என்று மனைகள் பிரிந்தன. ஏர் ஓடிய இடமெல்லாம் தெருக்கள்.

2011 கணக்கெடுப்பில் உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை 3 லட்சத்தைத் தாண்டியது. புதுச்சேரி நகராட்சி இரண்டரை லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் புதுவை வரலாறு எழுதுகிறவர்கள் புல்வாரோடு நின்றுவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரத்தின் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது. பெரும்பாலோர் குடியிருக்கும் இந்த மண்ணுக்கு இல்லை. இது பெரிய குறை.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (நோட்டரி) எழுதிய பத்திரம் இருக்கலாம். உங்கள் மனை யாருடைய வயலாக, எந்தத் தோப்பாக இருந்தது என்பதற்கு அதன் நான்கெல்லைக் குறிப்புதான் சாட்சி. தயவுசெய்து அதைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து வையுங்கள்.