ஆர்பத்நாட் திவாலும் இன்டர்னல் ஆடிட்டரும்

சென்னையில் ஆடிட்டர்னு சொன்னால் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது மயிலாப்பூர், தி.நகர் தெருக்களில் மாடிப்படி ஓரம் தொங்கும் சின்ன போர்டும், ஜூலை மாசத்து ரிட்டர்ன் கூட்டமும்தான். அவர் வெளி ஆடிட்டர். வருவார், பார்ப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நான் சொல்ல வந்தது இன்னொருத்தரைப் பற்றி. கம்பெனியிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு, அதே கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரர் கணக்கையும் முதலாளி கணக்கையும் தோண்ட வேண்டிய இன்டர்னல் ஆடிட்டர். இவர் வேலை என்ன என்பதில் பெரிய குழப்பம் கிடையாது. யாரை, எதுவரைக்கும் கேள்வி கேட்கலாம் என்பதில்தான் தகராறு.

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் உத்திரமேரூர் கல்வெட்டை இழுப்பார்கள். நானும் இழுத்துவிடுகிறேன் :-) பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) ஏற்பாட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்குப் போட்டியிட முடியாது. அவன் சொந்தக்காரர்களும் முடியாது. பிரமாதமான விதிதான். ஆனால் கணக்கு காட்ட வேண்டியவன் கடமையைத்தான் அது சொல்கிறது. கேட்கிறவனுக்கு என்ன பலம் என்பது தனிக் கதை.

அந்தக் கதைக்கு நம்மூரிலேயே நல்ல உதாரணம் இருக்கு. 1906 அக்டோபர் 22. மெட்ராஸின் பெரிய வெள்ளைக்கார நிறுவனமான ஆர்பத்நாட் அண்ட் கோ திவால் என்று அறிவித்தது. பென்ஷன்காரர், விதவை, வக்கீல், ஜமீன்தார் என்று ஊரே பணம் போட்டு வைத்திருந்த இடம். லண்டன் கூட்டாளி மக்ஃபாடியனின் சூதாட்ட முதலீடுகள் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தன. அவர் இரண்டு நாள் முன்னால் ரயில் முன் விழுந்து செத்தார். இங்கே சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல்.

குமாஸ்தாக்கள் இல்லாத ஆபீஸா அது? லெட்ஜரும் பேரேடும் மலைபோல இருந்திருக்கும். ஆனால் அது கூட்டாளிகளின் பார்ட்னர்ஷிப். சட்டப்படி தணிக்கை கட்டாயமில்லை. (கம்பெனிகளுக்கே 1913 சட்டத்தில்தான் கட்டாயமாச்சு.) "லண்டன் கணக்கைக் காட்டுங்க துரை" என்று கேட்கும் உரிமையோடு அந்தக் கட்டடத்துக்குள் ஒருத்தரும் உட்காரவில்லை.

ஏமாந்தவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நகரத்தார் செல்வந்தர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சுதேசி வங்கியைத் தொடங்கினார். 1907 ஆகஸ்ட் 15-ல் கதவு திறந்தது இந்தியன் வங்கி. (மிதவாதியாக இருந்தும் பாரதியின் பாட்டுகளை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தவரும் இதே ஐயர்தான். மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியும் அவர் ஆரம்பித்தது.) ஆர்பத்நாட் இருந்த இடத்திலேயே பிற்பாடு இந்தியன் வங்கியின் தலைமையகம் வந்ததை என்னவென்று சொல்ல!

இதோடு முடிந்தால் சுபம். முடியவில்லை. 1969-ல் அரசுடைமையான அதே வங்கி, 1995-96 கணக்கில் 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. வாராக்கடன்கள், சிபிஐ வழக்குகள், கோர்ட்டு என்று வருஷக்கணக்காக இழுத்தது. இந்தத் தடவை வங்கிக்குள் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட் இல்லாமல் இல்லை. எல்லா அரசு வங்கியிலும் இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்தால் கிளை மேனேஜருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் பெரிய கடன் முடிவாகும் உச்சிக்கு அவர் ஏணி எட்டுமா? என்னைக் கேட்டால் கோளாறு அங்கேதான்.

1992 பங்குச்சந்தை ஊழலுக்குப் பிறகு ரிசர்வ் வங்கி விழித்துக்கொண்டது. 1993-ல் கன்கரன்ட் ஆடிட், 1995-ல் இயக்குநர் குழுவின் ஆடிட் கமிட்டி, அதே வருஷம் உள் கட்டுப்பாடுகளை ஆராய ஜிலானி குழு.

மற்ற கம்பெனிகள்? 2013 கம்பெனிச் சட்டத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். பிரிவு 143-ல், வெளி ஆடிட்டர் எந்த நேரத்திலும் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கலாம் என்று உரிமை தெளிவாக எழுதியிருக்கு. இன்டர்னல் ஆடிட்டருக்கான பிரிவு 138-ல் அப்படி ஒரு வரி கிடையாது. குறிப்பிட்ட கம்பெனிகள் ஒருத்தரை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவர் எதைப் பார்க்கலாம், எத்தனை தடவை பார்க்கலாம் என்பதை போர்டோ ஆடிட் கமிட்டியோ அவரோடு கலந்து முடிவு செய்யும். அதாவது பூனைக்கு மணி கட்டும் பொறுப்பு இவருக்கு, கயிறு எவ்வளவு நீளம் என்பது பூனையின் இஷ்டம்.

அதனால்தான் ஆடிட் சார்ட்டர் என்று ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் 1941-ல் தொடங்கிய உள் தணிக்கையாளர் சங்கம் 1947-லேயே "உள் தணிக்கையாளரின் பொறுப்புகள்" என்று ஓர் அறிக்கை போட்டுவிட்டது. அன்றிலிருந்து சாரம் பெரிதாக மாறவில்லை. எந்த ஃபைலையும் எந்த ஆளையும் அணுகலாம். ஆனால் தான் தணிக்கை செய்யும் வேலையைத் தானே செய்யக்கூடாது. நம்ம ஊர் ஆபீஸ்களில் அடிபடுவது இந்த இரண்டாவதுதான். "சார், நீங்களும் ஒரு இனிஷியல் போட்டுடுங்க, பில்லை பாஸ் பண்ணிடலாம்" என்பார்கள். போட்டாரோ, அடுத்த மாசம் அந்த பில்லைக் கேள்வி கேட்கும் வாயை அடைத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

வங்கிகளுக்கு மட்டும் இந்தக் காகிதத்தை ரிசர்வ் வங்கியே எழுதிக் கொடுத்தது, 2021 ஜனவரி 7 சுற்றறிக்கையில். தணிக்கைத் தலைவரை மூன்று வருஷமாவது பதவியில் வைக்கப் பாருங்கள். வியாபார இலக்கு எதுவும் கொடுக்காதீர்கள். எம்டிக்குக் கீழே அவர் வேலை பார்த்தாலும், அவர் மதிப்பீட்டை ஆடிட் கமிட்டி மறுபரிசீலனை செய்யணும். எனக்கு ரொம்பப் பிடித்த வரி இன்னொன்று. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது அவர் ஆடிட் கமிட்டியைச் சந்திக்க வேண்டும், அப்போது எம்டி உட்பட மேலதிகாரி ஒருத்தரும் அந்த அறையில் இருக்கக்கூடாது.