மணலுக்கு வைத்த பெயர்

கி.பி. 68. ரோம் நகரில் தானியத் தட்டுப்பாடு, விலையேற்றம். அந்த நேரத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. அந்தத் துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் என்றாலே ரோமானியருக்குக் கோதுமைதான் நினைவுக்கு வரும். இந்தக் கப்பலில் இருந்ததோ மணல்தூள். நீரோ மன்னனின் அரண்மனை மல்லர்கள் புரள்வதற்காக வந்தது! அவன்மீது மக்களுக்கு இருந்த வெறுப்பை இது இன்னும் கிளறிவிட்டது என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். அதே ஆண்டு ஜூன் மாதம் நீரோ தற்கொலை செய்துகொண்டான். நைல் நதி மணலை மல்லர்களுக்காகக் கடல் கடந்து கொண்டுவந்ததாக நீரோவின் உதவியாளன் பட்ரோபியஸ் என்பவனைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினியும் குறிப்பிடுகிறார்.

மணலுக்கு லத்தீனில் ‘ஹரேனா’ என்று பெயர். விளையாட்டுப் பக்கங்களிலும் உள்ளரங்குகளின் பெயர்ப் பலகைகளிலும் நாம் வாசிக்கும் ‘அரீனா’ இந்தச் சொல்தான். ஐஸ் ஹாக்கி ஆடும் அரீனாவில் பனிக்கட்டி இருக்கிறது, கூடைப்பந்து அரீனாவில் மரத்தளம் இருக்கிறது, பாட்டுக் கச்சேரி நடக்கும் அரீனாவில் சிமென்ட் தரை இருக்கிறது. பெயருக்குக் காரணமான மணலை மட்டும் காணோம்.

சொல்லின் பூர்வீகம் லத்தீனுக்கும் வெளியே போகக்கூடும். ரோமுக்கு அண்டை மக்களான சபைன்கள் இதை ‘ஃபசேனா’ என்று சொன்னதாக வார்ரோ என்ற அறிஞரின் குறிப்பு உண்டு. எட்ரூஸ்கன் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் மொழியியலாளரும் உண்டு. முன்னால் நின்ற ‘ஹ’ ஒலி நிலையாக நிற்கவில்லை. எழுத்தில் ‘ஹரேனா’, ‘அரேனா’ இரண்டுமே புழங்கின. எங்கே ‘ஹ’ போடவேண்டும், எங்கே போடக்கூடாது என்பது அன்றைய ரோமில் படிப்பாளிக்கும் பாமரனுக்கும் இடையே கோடு கிழித்த விஷயம். வேண்டாத இடத்திலெல்லாம் ‘ஹ’ சேர்த்துப் பேசிய ஆரியஸ் என்பவனைக் கேலி செய்து கவிஞர் கட்டுல்லஸ் ஒரு கவிதையே எழுதிவைத்தார்.

வாள்வீரர் சண்டை தொடங்கிய காலத்தில் அதற்கென்று தனி இடம் கிடையாது. ரோம் நகரின் முதல் சண்டையாகப் பதிவாகியிருப்பது கி.மு. 264இல் நடந்தது. யூனியஸ் புரூட்டஸ் பேரா என்பவர் இறந்துபோக, அவருடைய பிள்ளைகள் மூன்று ஜோடி வீரர்களை மாட்டுச் சந்தையில் மோதவிட்டார்கள். அதை ‘விளையாட்டு’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘மூனுஸ்’ என்றார்கள். கடமை, கொடை என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. செத்தவருக்குச் செய்யவேண்டிய கடன். பிறகு சண்டை ஃபோரம் எனும் நகரச் சதுக்கத்துக்கு வந்தது. அன்றைக்கு மட்டும் மரப்பலகை அடுக்கி இருக்கை போடுவார்கள், முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். வீரனுக்குப் பெயர் அவன் கையிலிருந்த வாளிலிருந்து வந்தது: ‘கிளாடியுஸ்’ என்றால் வாள், ‘கிளாடியேட்டர்’ வாள்காரன்.

சண்டைக்கென்று எழுந்த கட்டடத்துக்குப் பெயர் அமைய இன்னும் நாளாயிற்று. அவற்றில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கல் கட்டடம் பொம்பேயில் இருக்கிறது, ஏறத்தாழ கி.மு. 70இல் எழுந்தது. குயின்க்டியஸ் வல்கஸ், மார்க்கஸ் போர்சியஸ் என்ற இரண்டு அதிகாரிகள் தங்கள் சொந்தப் பணத்தில் கட்டினார்கள். அங்கே அவர்கள் பொறித்த கல்வெட்டில் அதன் பெயர் ‘ஸ்பெக்டாகுலா’, அதாவது வேடிக்கை பார்க்கும் இடம். ‘ஆம்ஃபிதியேட்டர்’ என்ற கிரேக்கப் பெயர் நிலைத்தது அதற்குப் பிறகுதான். அதற்கு இருபக்கமும் இருந்து பார்க்கும் இடம் என்று பொருள்.

அந்தப் பொம்பேய்க் கட்டடத்தில் கி.பி. 59இல் உள்ளூர்க்காரர்களுக்கும் பக்கத்து ஊரான நுசேரியாக்காரர்களுக்கும் வாய்ச்சண்டை மூண்டது. அது கல்லெறியாகி, கத்திக்குத்தில் முடிந்தது. பத்தாண்டுகளுக்கு அங்கே சண்டைக் காட்சி நடத்தக்கூடாது என்று ரோம் செனட் தடை போட்டது. பொம்பேய் வீடொன்றின் சுவரில் அந்தக் கலவரத்தை ஓவியமாகத் தீட்டிவைத்திருந்தார்கள். இப்போது அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே வெயிலுக்குக் கட்டிய துணிப்பந்தல், வெளியே மரத்தடியில் கடைகள், நடுவே வீரர்கள் நிற்கவேண்டிய மணலில் ஊர்க்காரர்களே ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள்.

மணலுக்கு அங்கே என்ன வேலை? முதல் வேலை ரத்தத்தை உறிஞ்சுவது. இரண்டாவது, கால் வழுக்காமல் பிடிப்புக் கொடுப்பது. ஒரு சண்டை முடிந்ததும் ஆட்கள் வந்து கிளறிச் சமன்செய்துவிட்டால் தரை அடுத்த ஜோடிக்குத் தயார். கி.பி. 80இல் டைட்டஸ் மன்னன் நூறு நாள் விழா எடுத்துத் திறந்துவைத்த கொலோசியத்தில் மணலுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. அங்கே தரை மரப்பலகையால் ஆனது. ஏறக்குறைய 83 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலம். டைட்டஸுக்குப் பின் ஆண்ட டொமிஷியன் காலத்தில் அதன் அடியில் நடைபாதைகளும் கூண்டுகளும், ஆட்கள் சுழற்றி ஏற்றும் தூக்கிகளும் அமைந்தன. பலகையில் வெட்டிய கதவு திறந்தால் சிறுத்தையோ கரடியோ வெளியே வரும். அந்தக் கதவுகளின் இடுக்குகளை மறைத்தது மேலே பரப்பிய மணல்தான்.

மணலிலும் ஆடம்பரம் புகுந்தது. தேரோட்டம் நடக்கும் சர்க்கஸ் மாக்சிமஸில் வெண்மை வரவேண்டும் என்று கண்ணாடிபோல் மின்னும் கல்லின் சீவல்களைத் தூவியதைப் பிளினி பதிவு செய்திருக்கிறார். நீரோ பச்சை அணிக்காகப் பச்சை உடையில் தேரோட்டியபோது தரையிலும் பச்சைத் தாதுப் பொடியைத் தூவினார்களாம்.

பிறகு சொல் தரையை விட்டு ஆள்மேல் ஏறியது. ‘ஹரேனா’ என்றால் அங்கே சண்டை போட்டுப் பிழைக்கும் பிழைப்பு. ‘ஹரேனாரியுஸ்’ என்றால் அந்தப் பிழைப்புக்காரன். ஊரே அவன் பெயரைக் கூவும். ஆனால் சட்டத்தின் முன் அவன் மானமிழந்தவன், பிறருக்காக வழக்காட முடியாதவன். இங்கே ரோமானியச் சட்டம் நுட்பமாகக் கோடு போட்டதைச் சட்ட அறிஞர் உல்பியனின் உரையில் காணலாம். மிருகத்தோடு போராட ஒருவன் தன்னைக் கூலிக்கு ஒப்படைத்துவிட்டால், களம் இறங்காவிட்டாலும் அவனுக்கு இழுக்கு வந்துவிடும். கூலி வாங்காமல் வீரத்தைக் காட்டச் சண்டையிட்டவனுக்கு இழுக்கு இல்லை. மணலில் நின்று பரிசு பெற்றுக்கொண்டால் மட்டும் அவனும் மாட்டிக்கொள்வான். ஆக, கறை மணலில் இல்லை, காசில் இருந்தது.

மன்னனே மணலில் இறங்கினால்? கி.பி. 192இல் கொம்மோடஸ் இறங்கினான். அந்த விழாவை செனட் உறுப்பினராக உட்கார்ந்து பார்த்தவர் வரலாற்றாசிரியர் டியோ. கொம்மோடஸ் ஒரு தீக்கோழியைக் கொன்று, ஒரு கையில் அதன் தலையும் மறுகையில் ரத்தம் தோய்ந்த வாளுமாக செனட் உறுப்பினர்களின் இருக்கை அருகே வந்து, ஒன்றும் பேசாமல் பல்லைக் காட்டித் தலையை ஆட்டினானாம். உங்களுக்கும் இதே கதிதான் என்பது அதன் பொருள். உறுப்பினர்களுக்கோ பயத்தைவிடச் சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது. சிரித்தால் தலை போகும். டியோ தன் மாலையிலிருந்து லாரல் இலைகளைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். வாய் அசைந்துகொண்டே இருந்தால் சிரிப்பு வெளியே தெரியாதல்லவா!

சண்டைக்குப் போவதை லத்தீன்காரர்கள் ‘மணலில் இறங்குவது’ என்றே சொன்னார்கள். தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இருக்காது. குஸ்திக்காகப் பதமாக்கிய மண்தரைக்குக் ‘கோதா’ என்று பெயர். குஸ்தியையே பார்த்திராதவர்களும் தேர்தல் வந்தால் வேட்பாளரைக் ‘கோதாவில் இறங்கினார்’ என்கிறார்கள். ‘களம்’ கதை இன்னும் நீளம்: நெல்லடிக்கும் தரைக்கும் அதுதான் பெயர், போர் நடக்கும் நிலத்துக்கும் அதுதான் பெயர்.

கொலோசியத்தில் வாள்வீரர் சண்டை 5ஆம் நூற்றாண்டில் ஓய்ந்தது. விலங்கு வேட்டைக் காட்சி 523இலும் நடந்ததற்குப் பதிவு இருக்கிறது. அதன்பின் வேலையற்றுப் போன ‘ஹரேனா’ என்ற சொல், மணலைச் சுற்றியிருந்த கற்சுவருக்குப் பெயராகிவிட்டது. தெற்கு பிரான்சின் ஆர்ல், நீம் நகரங்களில் ரோமானியக் கட்டடங்களை ‘அரேன்’ என்றே அழைக்கிறார்கள். ஆர்ல் அரேனுக்குள் இடைக்காலத்தில் ஒரு சிற்றூரே குடியேறி, இருநூறு வீடுகளும் தேவாலயங்களுமாக 19ஆம் நூற்றாண்டுவரை வாழ்ந்தது. பதுவாவில் ஜியோட்டோ சுவரோவியம் தீட்டிய ஸ்க்ரோவென்யி சிற்றாலயம், பழைய ரோமானிய அரங்கின் நிலத்தில் எழுந்ததால் ‘அரேனா சிற்றாலயம்’ ஆனது. வெரோனாவின் அரேனாவில் 1913இல் வெர்டியின் ‘ஐடா’ ஆப்பரா மேடையேறியது. கோடைதோறும் அங்கே ஆப்பரா விழா நடக்கிறது.

லத்தீனின் பிள்ளைகள் இந்தச் சொத்தை ஆளுக்கொரு விதமாகப் பிரித்துக்கொண்டன. பிரெஞ்சு, மணலுக்கு வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து ‘சாப்ல்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, ‘அரேன்’ என்பதை அரங்குக்கு விட்டுவிட்டது. இத்தாலியனில் ‘ரேனா’ என்ற தேய்ந்த வடிவம் மணலைக் குறிக்க, ‘அரேனா’ பெரும்பாலும் அரங்கைக் குறிக்கிறது. ஸ்பானிய மொழி பிரிக்கவே இல்லை. மாடும் மாட்டுவீரனும் மோதும் தரைக்கு அங்கே ‘அரேனா’ என்று பெயர். கடற்கரையில் குழந்தைகள் வாளியைக் கவிழ்த்துக் கோட்டை கட்டுகிறார்களே, அந்த மணலுக்கும் ‘அரேனா’தான்.