மாணவர் சந்திரசேகரின் முதல் ஆய்வுக் கட்டுரைகள்

வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995) சென்னை மாநிலக் கல்லூரியில் 1930 ஆம் ஆண்டு இயற்பியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் கட்டுரை ஒன்று இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அச்சாகியிருந்தது. கற்றதை அறிஞர் உலகம் ஏற்கும் வகையில் எழுதவும் பேசவும் அவர் பழகியது மாணவப் பருவத்தில்தான்.

1928 இன் பிற்பகுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து உரையாற்றினார். அணு அமைப்பு பற்றிய அவருடைய நூலைச் சந்திரசேகர் முன்பே தாமாக ஊன்றிப் படித்திருந்தார். அந்தத் துணிவில், அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே சென்று சந்தித்தார். பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் எளிதில் செய்யக்கூடிய காரியம் அல்ல அது. அங்கே அவருக்கு அதிர்ச்சிதான் காத்திருந்தது. குவாண்டம் இயற்பியல் முற்றிலும் மாறிவிட்டது, அந்த நூலில் உள்ளவை பழையவையாகிவிட்டன என்றார் சோமர்ஃபெல்டு. கூடவே, உலோகங்களில் எலக்ட்ரான்களின் நடத்தை பற்றித் தாம் எழுதிய புதிய கட்டுரையின் அச்சுப் பிழைதிருத்தப் படியையும் கொடுத்தார்.

அதைக் கற்றுத் தேர்ந்த மாணவர், சில மாதங்களிலேயே காம்ப்டன் சிதறலையும் புதிய புள்ளியியலையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார். ராயல் சொசைட்டி இதழில் வெளியிட அதன் உறுப்பினர் ஒருவர் கட்டுரையை முன்வைக்க வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. சந்திரசேகரின் சித்தப்பா சர் சி. வி. இராமன் 1924 முதலே உறுப்பினர். ஆயினும் கட்டுரை கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கே சென்றது. அடர்ந்த விண்மீன்களுக்கு இதே புள்ளியியலைப் பயன்படுத்தி ஃபௌலர் எழுதியிருந்த கட்டுரையைச் சந்திரசேகர் படித்திருந்தார். யாருக்கு அனுப்புவது என்பதைப் படிப்பே அவருக்குக் காட்டிக்கொடுத்தது. ஃபௌலரும் நெவில் மாட்டும் சில மாற்றங்களைச் சொன்னார்கள், அவர் ஏற்றுக்கொண்டார், 1929 இல் கட்டுரை வெளியானது.

1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில், வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்று அவர் கணக்கிட்டார். கேம்பிரிட்ஜில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. அக்கட்டுரை 1931 இல் அமெரிக்காவின் வானியற்பியல் ஆய்விதழில் வெளிவந்தது. இரண்டே பக்கம்!

பேச்சு மேடை எழுத்தைவிடக் கடினமாக அமைந்தது. 1935 சனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை விளக்கினார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன் அதை எள்ளி நகையாட, அவையினர் சிரித்தனர். பதில் கூற வாய்ப்புத் தரப்படவில்லை. கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் வென்றபோது சந்திரசேகர் பரிசாகப் பெற்றது இதே எடிங்டனின் நூல் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அவர் எழுத்துக்குத் திரும்பினார். கோபனேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு எடிங்டனின் வாதத்தை விளக்கிக் கடிதம் எழுதி, நீல்ஸ் போரின் கருத்தைக் கேட்டார். அவர்கள் சந்திரசேகர் பக்கமே நின்றனர். ஆனால் பொதுவெளியில் யாரும் வாய் திறக்கவில்லை. 1939 இல் விண்மீன் அமைப்பு குறித்துத் தாம் எழுதிய நூலில் வெண்குறுமீன்களின் கோட்பாட்டை அவர் முழுமையாக விளக்கி எழுதினார்.