மதர்போர்டு: மலிவு வேகத்திலிருந்து ஆடம்பரம் வரை

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் சில புதிய சிப்களை ஒரே நாளில் சந்தைக்கு விட்டது. 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பென்டியம் 2 சிப்பின் மொத்த விலை 669 டாலர். 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செலரான் 300ஏ சிப்புக்கு 149 டாலர்தான். விலை உயர்ந்த சிப் எட்டும் 450 மெகாஹெர்ட்ஸை அந்த 149 டாலர் சிப்பும் எட்டும் என்ற செய்தி விரைவிலேயே கணினி ஆர்வலர்களிடம் பரவியது. அதை மிக எளிதாகச் செய்து காட்டிய மதர்போர்டுகளில் முன்னின்றது, தைவானின் அபிட் நிறுவனம் தயாரித்த பிஎச்6.

இதில் மாயம் எதுவும் இல்லை. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பைச் சிப் தனக்குள் இருக்கும் ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. அதுவே சிப்பின் வேகம். செலரான் 300ஏ-க்கு அந்தப் பெருக்கெண் 4.5, போர்டு 66 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் 300 வரும். பெருக்கெண்ணை யாரும் மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டி வைத்திருந்தது. ஆனால் துடிப்பு போர்டின் கையில் இருந்தது. அதை 100 ஆக்கினால் 450 வந்துவிடும். பென்டியம் 2-இன் கேஷ் நினைவகம் தனிச் சில்லுகளாக வெளியே இருந்து பாதி வேகத்தில் ஓடியது. செலரானிலோ, 128 கிலோபைட் கேஷ் சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. அளவில் சிறியதானாலும் வேகத்தை உயர்த்தும்போது அது தடையாக நிற்கவில்லை.

வேகத்தைக் கூட்டும் ஆசை அதற்கும் முந்தையது. 1984-இல் ஐபிஎம் வெளியிட்ட ஏடி கணினி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் போர்டில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் கணினி 8-இல் ஓடும். பலர் அப்படிச் செய்யத் தொடங்கியதும், வேகத்தைச் சோதித்து, கூடுதலாக இருந்தால் கணினியை இயங்கவிடாமல் நிறுத்தும் பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளை) ஐபிஎம் கொண்டுவந்தது. விற்பவர் போடும் பூட்டுக்கும் வாங்கியவர் தேடும் சாவிக்கும் இடையிலான போட்டி அங்கேயே தொடங்கிவிட்டது.

1990-களின் நடுப்பகுதி வரை வேகத்தை மாற்ற வேண்டுமானால் பெட்டியைத் திறந்து, கையேட்டைப் பார்த்துப் பார்த்து, சிறு ஜம்பர்களை ஊசிகளில் இடம் மாற்றிப் போட வேண்டும். அபிட் கொண்டுவந்த ‘சாஃப்ட்மெனு’ அந்த வேலையைப் பயாஸ் திரைக்கு மாற்றியது. துடிப்பையும் மின்னழுத்தத்தையும் விசைப்பலகையிலேயே மாற்றிப் பார்க்கலாம். இந்த வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. சிப் அட்டையின் பி21 என்ற முனையை டேப்பாலோ நகப்பூச்சாலோ மறைத்து, 100 மெகாஹெர்ட்ஸ் சிப் வந்திருப்பதாகப் போர்டை நம்பவைத்தார்கள்.

பிஎச்6 வந்த அடுத்த ஆண்டே அபிட் இன்னும் துணிந்தது. இரட்டைச் செயலி என்பது விலை உயர்ந்த சர்வர்களுக்கே உரியதாக இருந்த காலத்தில், இரண்டு சாதாரண செலரான்களை எந்த மாற்றமும் செய்யாமல் பொருத்தக்கூடிய பிபி6 போர்டை 1999-இல் வெளியிட்டது. விண்டோஸ் 98-ஆல் இரண்டாவது சிப்பைப் பயன்படுத்த முடியாது; விண்டோஸ் என்டியும் லினக்ஸும் பயன்படுத்தின. மாணவர்களும் நிரலாளர்களும் சர்வரின் திறனை வீட்டு மேசையில் பெற்றார்கள்.

போர்டுகளை ஒப்பிட்டு எழுதும் தொழிலும் இக்காலத்தில்தான் வளர்ந்தது. தாமஸ் பாப்ஸ்ட் 1996-இல் டாம்ஸ் ஹார்ட்வேரையும், பதினான்கு வயதுச் சிறுவனான ஆனந்த் லால் ஷிம்பி 1997-இல் ஆனந்த்டெக்கையும் தொடங்கினார்கள். ஒரே சிப்செட்டை (போர்டின் பகுதிகளை இணைக்கும் சில்லுத் தொகுதியை) வைத்துச் செய்த போர்டுகளுக்கிடையே வேக வித்தியாசம் மிகக் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்தில் முந்துவதற்காகச் சில தயாரிப்பாளர்கள் அடிப்படைத் துடிப்பைச் சொல்லாமலே சற்று உயர்த்தி அனுப்பினார்கள். பட்டியலில் முதலில் நின்ற போர்டு சிறந்த போர்டு என்ற தவறான எண்ணம் வாசகர்களிடம் வேரூன்றியது. உண்மையான வித்தியாசங்கள் வேறிடத்தில் இருந்தன: மின்சாரத்தைச் சீராக்கிச் சிப்புக்குத் தரும் விஆர்எம் பகுதியின் தரம், பயாஸில் கிடைக்கும் கட்டுப்பாடு, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் உறுதி.

அந்த உறுதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. 1999 முதல் பல தைவான் கெபாசிட்டர்களில் தரக்குறைவான மின்பகு திரவம் இருந்தது. ஓரிரு ஆண்டு ஓடிய பிறகு அவற்றின் தலை உப்பி, வெடித்துக் கசிந்தது. பல நிறுவனங்களின் போர்டுகள் பழுதாயின. ஆர்வலர்களின் செல்லப் பிள்ளையான அபிட்டும் தப்பவில்லை. அமெரிக்காவில் அதன் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. திரவம் இல்லாத திடநிலை கெபாசிட்டர்களைப் பயன்படுத்துவதை விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லும் வழக்கம் இதன் பிறகே பரவியது.

இப்படிச் சிப்பின் வேகத்தைக் கூட்டும் ‘ஓவர்கிளாக்’ ஆர்வலர்களின் அடுத்த வேட்டை ஏஎம்டி பக்கம் நடந்தது. 2003-இல் வந்த அத்லான் எக்ஸ்பி 2500+ சிப்பின் துடிப்பை என்ஃபோர்ஸ்2 சிப்செட் போர்டுகளில் 166-இலிருந்து 200 ஆக்கினால், அது பல மடங்கு விலையுள்ள 3200+ சிப்பின் வேகமான 2,200 மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. அபிட் என்எஃப்7-எஸ் அதற்குப் பெயர்பெற்றது. அபிட்டிலிருந்து டிஎஃப்ஐ நிறுவனத்துக்குச் சென்ற பொறியாளர் ஆஸ்கர் வூ உருவாக்கிய லான்பார்ட்டி போர்டுகள், நினைவகத்தின் ஒவ்வொரு கால அளவையும் தனித்தனியாக மாற்றும் வசதியைத் தந்தன. விளையாட்டுக் கூடல்களுக்குக் கணினியைத் தூக்கிச் செல்லும் இளைஞர்களுக்காக, புற ஊதா விளக்கில் மின்னும் ஸ்லாட்டுகளும் வந்தன. போர்டு என்பது பெட்டிக்குள் மறைந்துகிடக்கும் பொருள் அல்ல, காட்டி மகிழும் பொருள் என்றானது இங்கேதான்.

அழகு காட்டியவர்கள் நிலைக்கவில்லை. அபிட் 2008 முடிவோடு மூடப்பட்டது. டிஎஃப்ஐ தொழிற்சாலைக் கணினிகளின் பக்கம் ஒதுங்கியது. ஏசரிலிருந்து வெளியேறிய நான்கு பொறியாளர்கள் 1989-இல் தொடங்கிய ஆசுஸ், அந்த இடத்தை நிரப்பியது. 2006-இல் ‘ரிபப்ளிக் ஆஃப் கேமர்ஸ்’ என்ற தனி முத்திரையை உருவாக்கி, கிராஸ்ஹேர் போர்டை அதன் முதல் படைப்பாக வெளியிட்டது. ஜிகாபைட்டும் எம்எஸ்ஐயும் தத்தம் ஆடம்பர வரிசைகளோடு களமிறங்கின. 2010-இல் இவிஜிஏ வெளியிட்ட எஸ்ஆர்-2, இரண்டு ஸியான் சிப்களுக்கான இடமும் ஏழு விரிவாக்க ஸ்லாட்டுகளும் கொண்டது. விலை 599 டாலர். வழக்கமான பெட்டிகளில் அது அடங்காது.

விலை ஏறிய அதே காலத்தில் போர்டின் அதிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. நினைவகக் கட்டுப்பாட்டை 2003-இல் ஏஎம்டியும் 2008-இல் இன்டெல்லும் சிப்புக்குள் கொண்டுபோயின. கிராபிக்ஸ் கார்டுக்கான இணைப்பும் பின்தொடர்ந்தது. 2011 ஜனவரியில் வந்த இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் சிப் வரிசை கடைசிப் பூட்டையும் போட்டது. எல்லா இணைப்புகளும் ஒரே துடிப்பைச் சார்ந்திருந்ததால், அதைச் சில விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாது. பெருக்கெண் திறந்திருக்கும் ‘கே’ வகைச் சிப்பையும் அதற்கேற்ற சிப்செட் போர்டையும் காசு கொடுத்து வாங்கினால்தான் ஓவர்கிளாக்கிங். ஏழையின் சிப்பைப் பணக்காரச் சிப்பாக்கிய கலை, அதிகம் கொடுப்பவருக்கான சலுகையாகிப்போனது.

இன்றைய சிப்கள் தொழிற்சாலையிலேயே எல்லை வரை முடுக்கிவிடப்பட்டு வருகின்றன. இருந்தும் போட்டி நிற்கவில்லை. எல்லா கோர்களையும் தானாகவே உச்ச வேகத்தில் ஓடவிடும் அமைப்புகள் பல போர்டுகளில் முன்கூட்டியே போடப்பட்டன. விளைவுகளும் வந்தன. 2023-இல் சில ரைசன் 7000 சிப்கள் எரிந்த பிறகு, சிப்பின் எஸ்ஓசி பகுதிக்கான மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் ஏஎம்டி கட்டுப்படுத்தியது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்கள் தடுமாறின. முதன்மைக் காரணம் இன்டெல்லின் மைக்ரோகோடு கேட்ட அதிக மின்னழுத்தம் என்றாலும், இன்டெல் வகுத்த வரம்புகளைப் போர்டுகள் தளர்த்தியிருந்ததும் விவாதத்துக்கு வந்தது. சில்லறைப் பெட்டியில் விற்ற அந்தச் சிப்களின் உத்தரவாதத்தை இன்டெல் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது.

இன்று உச்ச வகைப் போர்டுகள் ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டன. அதே சிப்செட் உள்ள நடுத்தர விலைப் போர்டோடு ஒப்பிட்டால், விளையாட்டில் அவை தரும் கூடுதல் வேகம் கண்ணுக்கே தெரியாது. திரவ நைட்ரஜன் ஊற்றிச் சாதனை படைப்பவருக்கும், பல எம்.2 சேமிப்பகங்களும் 10 கிகாபிட் நெட்வொர்க்கும் தேவைப்படுபவருக்கும் அந்த விலையில் பொருள் உண்டு. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ விளையாட்டுக்காகப் போர்டு தேடும் மற்றவர்கள், விஆர்எம்மின் வெப்பநிலையையும், வாங்கப்போகும் நினைவகம் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும், பயாஸ் புதுப்பிப்புகள் ஒழுங்காக வருகின்றனவா என்பதையும் பார்த்து நல்ல நடுத்தரப் போர்டை வாங்கட்டும். மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால், அதன் பலன் திரையில் தெரியும்.