பல்லாவரத்து ஆப்பு: கைக்கோடரி முதல் கல்குவாரி வரை

1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரம் படைமுகாமுக்கு அருகே, சரளைக்காகத் தோண்டிய சிறு குழியிலிருந்து வாரிப்போட்ட மண்ணில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைப் பொறுக்கியெடுத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1858 முதல் பணிபுரிந்தவர் அவர். பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த செதுக்கிய கற்கள் மனிதக் கைவேலையே என்று நிலவியலாளர் பிரெஸ்ட்விச்சும் தொல்லியலாளர் எவான்ஸும் 1859-இல் லண்டன் அறிஞர்களை ஒப்பவைத்திருந்தனர். அந்தச் செய்தி எட்டியிருந்த கண்ணுக்குத்தான் பல்லாவரத்துக் கல்லும் கருவியாகத் தெரிந்தது. இந்தியாவில் பழங்கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அது.

தொல்லியல் நூல்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்ட அதிரம்பாக்கத்துக்குப் போய்விடும். போவதில் தவறில்லை. தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அதிரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது கணித்தது. ஆனால் பல்லாவரத்துக் கல்லை இன்னொரு வரலாற்றிலும் வைத்துப் பார்க்க இடமுண்டு. நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், திருகு, ஆப்பு என்று பள்ளிப் பாடம் சொல்லும் எளிய இயந்திரங்களில், பல்லாவரத்துக் கல் போன்ற கைக்கோடரி ஆப்பின் வகை. இரு சாய்தளங்களை முதுகோடு முதுகு சேர்த்தால் வரும் வடிவம் அது. முதுகில் விழும் அடியைப் பக்கவாட்டு விசையாக மாற்றித் தருவதே அதன் ஒரே வேலை. தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தில் இந்த வடிவம் மாறவே இல்லை. எதனால் செய்தார்கள், எதைப் பிளந்தார்கள், அடியை யார் கொடுத்தார்கள் என்பவைதான் மாறின. இக்கட்டுரை அந்த மாற்றங்களைப் பின்தொடர்கிறது.

முதலில் பொருள். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. ஆனால் கைக்கோடரி செய்தவர்கள் குன்றுக் கல்லை நாடவில்லை. அவர்கள் எடுத்தது குவார்ட்சைட் கூழாங்கல். தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறித்துக் கூர் விளிம்பு விடும் கல் அது. குன்றுக் கல்லோ பருமணிகள் இறுகப் பின்னியது. நினைத்த பக்கம் சில்லு பெயராது. எனவே இங்கே உலவிய முதல் ஆப்பு, பக்கத்துக் குன்றை ஒன்றும் செய்ய முடியாத ஆப்பு. இறைச்சி அறுக்கவும் எலும்பு பிளக்கவும் மரம் செதுக்கவும் அது போதுமானதாக இருந்தது. அதற்குக் காம்பும் கிடையாது. உள்ளங்கையே பிடி.

குன்றைத் தொட இரும்பு வர வேண்டியிருந்தது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1888-இல் பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழை கண்டெடுத்த பிறகு இப்பகுதியின் பெருங்கற்காலம் அறியவந்தது. அக்கால மக்கள் இரும்பை நன்கு அறிந்தவர்கள். இரும்புக் கோடரிக்குக் காம்பு போட்டதும் ஆப்போடு நெம்புகோலும் சேர்ந்துகொண்டது. கை வீசும் வேகம் காம்பின் நுனியில் பெருகியது. காம்பு கழன்றுவிடாதிருக்க அதன் தலையில் அறையும் சிறு மரத்துண்டும் ஆப்புதான்.

பல்லாவரக் குன்றில் இரும்பு பதித்த பெரிய சாட்சி, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில். ஐந்து கருவறைகளும் மன்னனின் விருதுப்பெயர்களும் கொண்ட அக்கோயில் இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. பல்லவர் கால கல்தச்சு முறையை மாமல்லபுரத்தில் முடியாமல் நின்றுபோன குடைவரைகள் காட்டிக்கொடுக்கின்றன. பாறை முகத்தில் கட்டம் கட்டமாகக் காடி வெட்டி, நடுவே புடைத்து நிற்பதை உளியால் தட்டிப் பெயர்த்திருக்கிறார்கள். உளி நுனி ஒரு குட்டி ஆப்பு. மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாகச் செவ்வகக் குழிகளையும் காணலாம். காய்ந்த மரத்தை அவற்றில் அறைந்து தண்ணீர் ஊற்றினால் மரம் ஊதிப் பாறை பிளக்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க அழகான விளக்கம். ஆனால் அதே குழியில் இரும்பு ஆப்பும் அதே வேலையைச் செய்யும் என்பதால் குழியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒற்றை ஆப்பு பெரும்பாறையை எப்படி வெல்கிறது என்பது கவனிக்க வேண்டிய சங்கதி. 15 செ.மீ. நீளமும் முதுகில் 2.5 செ.மீ. தடிமனும் உள்ள ஆப்பு, கணக்குப்படி அடியை 6 மடங்காக்கித் தரும். உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அந்த உராய்வுதான் இரு அடிகளுக்கு நடுவே ஆப்பு பின்வாங்காமல் பிடித்தும் வைக்கிறது. மீதி வேலையைக் கல்லின் பலவீனம் பார்த்துக்கொள்கிறது. அழுத்தத்தை எவ்வளவோ தாங்கும் கருங்கல், இருபுறமும் இழுத்தால் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாங்காது. வரிசையாகக் குழி போட்டு, ஆப்புகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக அறைந்துகொண்டே போனால் குழிகளை இணைத்து விரிசல் ஓடும். அவசரப்பட்டு ஒன்றையே அடித்தால் கல் கோணலாகப் பிளக்கும். சம்மட்டி பிடிப்பவரின் கைப்பக்குவம் இதில்தான் இருக்கிறது.

இந்தக் குன்றுக் கல்லின் நிலவியல் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கல்கத்தாவில் 1693-இல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லை ஒத்திருப்பதைக் கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-இல் இப்பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். பரங்கிமலைச் சார்னோகைட் இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். நினைவுச்சின்னமாகாத மிச்சக் குன்றுகள் சென்னையின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஜல்லியாயின.

ஜல்லிக் காலத்தில் ஆப்பு இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. வெடிமருந்து பாறையைப் பெயர்த்தது. ஆப்பும் சம்மட்டியும் கடப்பாரையும் பெயர்ந்ததைத் துண்டாக்கின. பின்னர் கிரஷர் வந்தது. எலி விட்னி பிளேக் என்ற அமெரிக்கர் 1858-இல் காப்புரிமை பெற்ற தாடை அரவை இயந்திரத்தில் வேடிக்கையான தலைகீழ் மாற்றம் உண்டு. கீழே போகப்போகக் குறுகும் இரு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கல்லே ஆப்பாக இறங்கி, தானே நொறுங்குகிறது.

வீட்டுக்குள் இருக்கும் ஆப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்தி, ஊசி, ஆணி, கதவுக்கடியில் செருகும் கட்டை, பையின் ஜிப்பைப் பிரிக்கும் இழுவைக்குள் ஒளிந்திருக்கும் சிறு முக்கோணம் எல்லாம் அந்த வகையே. அரிவாள்மனைக்கு மட்டும் தனி மரியாதை தரலாம். அதில் ஆப்பு அசைவதில்லை; பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால், மீனைப் பிடிக்கவும் திருப்பவும் இரு கையும் கிடைக்கும். ஜி.எஸ்.டி. சாலை மேட்டில் நின்ற லாரிக்குச் சக்கரத்தடியில் கட்டை கொடுக்கும் கிளீனரும் ஆப்பின் உராய்வை நம்பித்தான் வண்டியைவிட்டு நகர்கிறார்.

இவ்வட்டாரத்தில் கைவிடப்பட்ட குவாரிகள் குட்டைகளாகிவிட்டன. குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்துக் குவாரி நீர் 2017 வறட்சியில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீரானது. ஃபூட்டையும் ஹாலந்தையும் பற்றி நூல்கள் உண்டு. ஆனால் குன்றுகளைக் கையால் பிளந்த கல்லுடைப்பவர்களின் கருவிகளும் அவற்றுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. கல்லில் துளையிடும் கம்ப்ரசர் வருவதற்கு முந்திய வேலையை அறிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். தாம்பரம், பல்லாவரம், பம்மல் பகுதிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் இயற்பியல் துறைகளும் சேர்ந்து, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.